முஸாபிரைத் தாங்கிய கைகள்

இப்னு பதூதா என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவன சில எண்களே. 1304இல் பிறந்தார்; 1325இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டார்; ஏறத்தாழ 30 ஆண்டுகள் பயணம் செய்தார்; அவர் கடந்த தூரம் ஏறக்குறைய 1,20,000 கிலோமீற்றர் என ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். இவற்றை மனனம் செய்து, பரீட்சையில் எழுதி, புள்ளியும் பெற்றுவிடுகிறோம்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு கேள்வி இருக்கிறது. விமானமோ தொலைபேசியோ இல்லாத காலத்தில், கொள்ளையர் திரிந்த காடுகளையும் புயல் வீசிய கடல்களையும் நீரற்ற பாலைவனத்தையும் கொள்ளைநோய் பரவிய நகரங்களையும் கடந்த ஒருவர் எவ்வாறு உயிரோடு ஊர் திரும்பினார்? அல்லாஹ்வின் நாட்டம் என்பதே முதல் விடை. அந்த நாட்டம் எந்தெந்த வழிகளில், எவரெவர் கைகளால் நிறைவேறியது என்பதை அவரது பயண நூலாகிய ‘ரிஹ்லா’வின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தனியே புறப்பட்ட இளைஞர்

இப்னு பதூதா மொரோக்கோவின் வடகரையிலுள்ள தஞ்சா நகரில், காதிமாரைத் தந்த ஒரு குடும்பத்தில் பிறந்தார். இந்நகரம் இன்று டான்ஜியர் என அழைக்கப்படுகின்றது. 1325 ஜூன் மாதம், ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2இல், ஹஜ் செய்யும் எண்ணத்துடன் அவர் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. கூட வருவதற்கு ஒரு தோழர் இல்லை. சேர்ந்து செல்ல ஒரு கூட்டமும் இல்லை. உம்மாவும் வாப்பாவும் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிவது தமக்கும் அவர்களுக்கும் பெரும் வேதனையாக இருந்ததை அவர் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

புறப்பட்ட சில வாரங்களிலேயே சோதனை தொடங்கியது. இன்றைய அல்ஜீரியாவிலுள்ள பிஜாயா நகரில் அவரைக் கடும் காய்ச்சல் பிடித்தது. குணமாகும்வரை தங்குமாறு உடன் வந்தோர் கூறினர். மௌத்து விதிக்கப்பட்டிருந்தால் அது ஹிஜாஸை நோக்கிய பாதையிலேயே வரட்டும் என்று கூறி அவர் மறுத்துவிட்டார். அவ்வாறாயின் வாகனப் பிராணியையும் கனத்த சாமான்களையும் விற்றுவிடும்படியும், தமது பிராணியையும் கூடாரத்தையும் இரவல் தருவதாகவும் வழித்துணையாக வந்த ஒருவர் சொன்னார். அந்த இரவல் வாகனத்திலேயே பயணம் தொடர்ந்தது. பலவீனத்தால் கீழே விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சென்றதாக அவர் கூறுகிறார்.

கொன்ஸ்தந்தீன் நகரை அடைந்தபோது பெருமழை பெய்து அவரது உடைகள் நனைந்து அழுக்கடைந்திருந்தன. அதைக் கண்ட அந்நகர ஆளுநர் உடைகளைக் கழுவச் செய்து, கிழிந்திருந்த ஒன்றுக்குப் பதிலாக நல்ல துணியொன்றையும் அனுப்பி வைத்தார். அத்துணியின் ஒரு மூலையில் இரண்டு பொற்காசுகள் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. பயணத்தில் அவர் பெற்ற முதல் உதவித்தொகை அதுவே.

அடுத்து தூனிஸ். பயணக் கூட்டத்தை வரவேற்க ஊர்மக்கள் வெளியே வந்து, தத்தமக்கு அறிமுகமானவர்களுக்கு ஸலாம் கூறி நலம் விசாரித்தனர். இப்னு பதூதாவை அறிந்தவர் அங்கு எவருமில்லை. ஆகவே அவருக்கு ஸலாம் சொல்லவும் எவருமில்லை. தனிமை தாங்காமல் அவர் அழுதுவிட்டார். அவருடைய நிலையை உணர்ந்த ஒரு ஹஜ் பயணி அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை பேச்சுக் கொடுத்து ஆறுதல் அளித்தார்.

உலகம் சுற்றிய மாவீரர் என்று நாம் கற்பனை செய்யும் மனிதரின் முதல் அத்தியாயம் இதுதான்: காய்ச்சல், இரவல் வாகனம், பிறர் தந்த துணி, ஒரு ஸலாமுக்கு ஏங்கிய கண்ணீர்.

வழிப்போக்கரின் உரிமை

அறிமுகமில்லாத ஒருவருக்கு இத்தனை பேர் உதவியது தற்செயலா? அல்ல. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினரை அல்குர்ஆன் குறிப்பிடுகின்றது. அவர்களுள் ‘இப்னுஸ் ஸபீல்’ எனப்படும் வழிப்போக்கரும் ஒருவர். சொந்த ஊரில் செல்வந்தராக இருப்பவரும் வழியில் கையில் ஏதுமின்றி நின்றுவிட்டால் அந்த உரிமைக்கு உரியவராகிறார். தொழுகையைச் சுருக்கித் தொழவும், ரமழான் நோன்பைப் பிற்படுத்தவும் முஸாபிருக்குச் சலுகையுண்டு. பயணம் கடினமானது என்பதையும், பயணி பிறருடைய பொறுப்பு என்பதையும் மார்க்கமே ஏற்றுக்கொண்டுள்ளது.

இந்தப் போதனை நிறுவனமாக வளர்ந்திருந்ததை அவர் 1326இல் டமஸ்கஸ் நகரில் கண்டார். அங்கிருந்த வக்புச் சொத்துக்களின் வகைகளை எண்ணி முடியாது என்று வியக்கிறார். ஹஜ் செய்ய இயலாதோருக்காக ஒரு வக்பு. வசதியற்ற வீட்டுப் பெண்பிள்ளைகளின் திருமணச் செலவுக்காக ஒன்று. கைதிகளை மீட்பதற்காக ஒன்று. வழிப்போக்கருக்கு உணவும் உடையும் ஊர் திரும்பும் செலவும் கொடுப்பதற்காக மற்றொன்று.

ஒருநாள் அந்நகரத்துத் தெருவில் ஓர் அடிமைச் சிறுவன் சீனப் பீங்கான் தட்டொன்றைக் கைதவறி விழுத்தி உடைத்துவிட்டான். எசமானுக்கு அஞ்சி நின்ற அவனிடம், உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திரங்களுக்கான வக்பின் பொறுப்பாளரிடம் போகும்படி ஒருவர் சொன்னார். துண்டுகளைக் காட்டியதும் புதிய தட்டு வாங்கும் பணம் அவனுக்குக் கிடைத்தது. ஒரு சிறுவனின் அச்சத்தைப் போக்குவதற்கென்றும் சொத்து ஒதுக்கி வைத்த சமூகம் அது.

அதே நகரில் அவர் பல அறிஞர்களிடம் பாடம் கேட்டு ‘இஜாஸா’ எனப்படும் அனுமதிச் சான்றிதழ்களைப் பெற்றார். அவற்றை வழங்கியோருள் ஸைனப் பின்த் அஹ்மத், ஆயிஷா பின்த் முஹம்மத் ஆகிய இரு பெண் அறிஞர்களும் இருந்தனர். இந்த இஜாஸாக்களே பிற்காலத்தில் தொலைதூர நாடுகளில் அவருக்கு அறிஞர் என்ற மதிப்பையும் காதிப் பதவிகளையும் பெறத் துணைசெய்தன. அவ்வகையில், அவரை வழியெங்கும் தாங்கிய கைகளுள் ஆசிரியைகளின் கைகளும் அடங்கும்.

சில வேளைகளில் உதவியே அச்சமூட்டுவதாகவும் இருந்தது. துருக்கியின் லாதிக் நகருக்குள் நுழைந்தபோது கடைகளிலிருந்து சிலர் இறங்கி வந்து அவர்களது குதிரைகளின் கடிவாளங்களைப் பிடித்தனர். வேறு சிலர் ஓடிவந்து அவர்களைத் தடுத்தனர். வாக்குவாதம் முற்றிச் சிலர் கத்தியையும் உருவினர். மொழி தெரியாத இப்னு பதூதா கொள்ளையரிடம் சிக்கிவிட்டதாக நினைத்து நடுங்கினார். அரபு தெரிந்த ஒருவர் வந்து விளக்கிய பின்னரே உண்மை புரிந்தது. அவர்கள் ‘அகி’ எனப்படும் இளைஞர் சகோதரத்துவச் சங்கங்களைச் சேர்ந்தவர்கள். விருந்தாளியை யார் முதலில் உபசரிப்பது என்பதே அந்தச் சண்டையின் காரணம்! இறுதியில் சீட்டுக் குலுக்கி முறை வகுத்துக்கொண்டனர்.

காட்டில் கிடைத்த ஒரு பிடி கடலை

வக்பும் விருந்தோம்பலும் நகரங்களில் இருந்தன. ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன நடந்தது?

1333இல் சிந்து நதியை அடைந்த அவர், டில்லி சுல்தான் முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் காதியாகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் சுல்தான் அவரைச் சீனாவுக்குத் தமது தூதராக அனுப்பினார். பெரும் பரிசுப் பொருட்களோடும் காவற்படையோடும் புறப்பட்ட அத்தூதுக்குழு, இன்றைய அலிகார் பகுதியில் ஒரு மோதலில் சிக்கியது. தோழர்களைப் பிரிந்து தனியான இப்னு பதூதாவை ஆயுதம் தாங்கிய ஒரு கூட்டத்தினர் பிடித்து, இருந்ததையெல்லாம் பறித்தனர். பின்பு கொன்றுவிடும்படி சிலரிடம் ஒப்படைத்தனர். அவர்களோடு வந்து சேர்ந்த ஓர் இளைஞன் மனமிரங்கி அவரைப் போகவிட்டான்.

அதன்பின் முட்புதர்களிலும் பாழடைந்த ஊர்களிலும் ஒளிந்தும் அலைந்தும் நாட்கள் கழிந்தன. எட்டாம் நாள் தாகம் தாங்க முடியாத நிலையில் ஒரு கிணற்றைக் கண்டார். கயிறு இருந்தது, வாளி இல்லை. காற்சட்டை கூடக் கிழிந்த நிலையிலிருந்த அவர், தம் சப்பாத்தைக் கயிற்றில் கட்டி நீர் மொண்டார். கயிறு அறுந்து சப்பாத்தும் கிணற்றுக்குள் விழுந்தது. மற்றச் சப்பாத்தைக் கட்ட முயன்றுகொண்டிருந்த வேளையில், கையில் கோலும் தோளில் பையும் நீர்க்குவளையுமாகக் கறுத்த மனிதர் ஒருவர் வந்து ஸலாம் சொன்னார். தமது குவளையால் நீர் மொண்டு கொடுத்தார். பையிலிருந்து ஒரு பிடி வறுத்த கறுப்புக் கடலையையும் சிறிது அரிசியையும் எடுத்துக் கொடுத்தார். இப்னு பதூதாவால் நடக்க முடியவில்லை. அம்மனிதர் அவரைத் தம் தோளில் சுமந்து சென்றார். சுமக்கப்பட்டவாறே உறங்கிப்போன இப்னு பதூதா கண்விழித்தபோது ஓர் ஊரின் அருகே கிடந்தார். தூக்கி வந்தவரைக் காணவில்லை.

அவர் அரபியில் சொல்லிய பெயரின் பாரசீக வடிவம் ‘தில்ஷாத்’. மகிழ்ந்த உள்ளம் என்பது அதன் பொருள். தில்ஷாத் என்பவர் இந்தியாவில் உம்மை ஆபத்திலிருந்து காப்பார் என எகிப்தில் ஒரு பெரியார் முன்னரே கூறியிருந்ததை இப்னு பதூதா அப்போது நினைவுகூர்ந்தார். அதை எப்படி விளங்கிக்கொள்வது என்பது அவரவர் ஈமானையும் அறிவையும் பொறுத்தது. நமக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: அரச தூதரைக் காவற்படை காப்பாற்றவில்லை, ஒரு வழிப்போக்கரின் தோளும் ஒரு பிடி கடலையும் காப்பாற்றின.

கடல் எடுத்தவையும் கரை கொடுத்தவையும்

தூதுக்குழு கள்ளிக்கோட்டைத் துறைமுகத்தை அடைந்தது. சுல்தானின் பரிசுகள் ஒரு பெரிய சீனக் கப்பலில் ஏற்றப்பட்டன. இப்னு பதூதாவின் சாமான்களும் பணியாளர்களும் மற்றொரு சிறிய கப்பலில் ஏற்றப்பட்டனர். ஜும்ஆத் தொழுகைக்காக அவர் கரையில் தங்கினார். அப்போது எழுந்த புயலில் பெரிய கப்பல் கரையில் மோதி உடைந்தது, அதிலிருந்தோர் மாண்டனர். அதைக் கண்ட சிறிய கப்பலின் மாலுமிகள் பாய் விரித்துச் சென்றுவிட்டனர். கரையில் நின்ற தூதரிடம் எஞ்சியவை பத்துப் பொற்காசுகளும் படுத்துறங்கிய ஒரு விரிப்பும் மட்டுமே. டில்லிக்குத் திரும்பினால் சுல்தானின் கோபம். சீனாவுக்குப் போகக் கப்பல் இல்லை.

பின்னர் மாலைதீவுக்குச் சென்றார். அங்கு அப்போது ஆட்சி செய்தவர் கதீஜா என்ற அரசி. அவருடைய ஆட்சியில் இப்னு பதூதா காதியாகப் பணியாற்றினார். 1344இல் அங்கிருந்து மஃபர் எனப்பட்ட தென்னிந்தியக் கிழக்குக் கரைக்குப் புறப்பட்ட கப்பல், காற்றின் போக்கில் திசைமாறி, ஒன்பதாம் நாள் நமது தீவின் கரையை அடைந்தது. தூரத்தில் புகைத்தூண் போல வானில் எழுந்து நின்ற ஒரு மலையை முதலில் கண்டார். அதுவே நாம் பாவாத மலை என்று கூறும் சிவனொளிபாத மலை.

நமது தீவில்

கப்பல் அடைந்த இடத்தை அவர் ‘பத்தாலா’ என்கிறார். அது புத்தளம் எனப் பெரும்பாலான அறிஞர்கள் கொள்வர். அப்பகுதியை ஆண்டவர் ஆரியச் சக்கரவர்த்தி. அவர் கடற்கொள்ளையில் ஈடுபடுபவர், வணிகருக்குப் பாதுகாப்பற்றவர் என்று மாலுமிகள் அஞ்சினர். ஆனால், நடந்தது வேறு. பாரசீக மொழியை விளங்கிக்கொண்ட அம்மன்னர் இப்னு பதூதாவைத் தம்மருகில் அமர்த்தி, மூன்று நாட்கள் உபசரித்து, தம் முத்துக்குளிப்பில் கிடைத்த முத்துக்களையும் வழங்கினார். வேறென்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதச் சுவடு எனக் கூறப்படுவதைத் தரிசிப்பதே இத்தீவுக்கு வந்ததிலிருந்து தம் ஆவல் என்றார் விருந்தாளி.

மன்னர் கொடுத்த துணையைக் கவனியுங்கள். அவரைச் சுமக்க ஒரு பல்லக்கு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், மன்னரின் ஆட்கள் பதின்மர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைவர். மொரோக்கோவிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அறிஞரை யோகிகளும் பிராமணரும் வழிகாட்டி அழைத்துச் சென்றனர்! இத்தீவின் முஸ்லிமல்லாத மக்கள் முஸ்லிம் பக்கீர்மாரை மதித்துத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளித்ததையும் அவர் சிறப்பாகக் குறிப்பிடுகிறார்.

மலைப்பாதை அக்காலத்தில் கடுமையானது. நீர் நிறைந்த இடங்களில் மரங்களிலிருந்தும் புற்களிலிருந்தும் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் அட்டைகளைப் பற்றி எழுதுகிறார். தேசிக்காயைப் பிழிந்துவிட்டால் அவை விழுந்துவிடுமாம். இன்றும் அம்மலைக்குச் செல்வோர் தேசிக்காயை மறப்பதில்லை. உச்சியை நெருங்கும் செங்குத்தான பாறையில் பத்து இரும்புச் சங்கிலிகள் தொங்கவிடப்பட்டிருந்தன. பத்தாவது சங்கிலிக்கு ‘ஷஹாதாச் சங்கிலி’ என்று பெயர். அதைப் பிடித்துக்கொண்டு கீழே பார்ப்பவர் விழுந்துவிடுவோமோ என்ற அச்சத்தில் கலிமாவை மொழிவதால் அப்பெயர் வந்தது என்கிறார். அந்தச் சங்கிலிகளை அடித்துப் பொருத்தியவர்களின் பெயர்களை அவர் அறியார், நாமும் அறியோம். எனினும் அவர்களுடைய உழைப்பைப் பற்றிக்கொண்டே அவர் ஏறினார்.

நீந்திய பெண்

இலங்கையிலிருந்து மஃபருக்குச் சென்ற கப்பலும் புயலில் அகப்பட்டு, ஆழமற்ற நீரில் தரைதட்டி உடையத் தொடங்கியது. பாய்மரத்தை வெட்டி எறிந்தனர். மாலுமிகள் மரங்களைக் கட்டித் தெப்பம் செய்தனர். இப்னு பதூதாவுடன் தோழர் இருவரும் அடிமைப் பெண்கள் இருவரும் இருந்தனர். எல்லோருக்கும் தெப்பத்தில் இடமில்லை. அப்போது அப்பெண்களுள் ஒருவர், தமக்கு நன்றாக நீந்தத் தெரியுமென்றும், தெப்பத்தின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீந்தி வருவதாகவும் கூறினார். அவ்வாறே கடலில் இறங்கினார். நீந்தத் தெரியாத இப்னு பதூதா, உடையும் கப்பலின் பின்புறத்தில் அன்றிரவு முழுவதும் தங்கினார். விடிந்ததும் அக்கரையின் மக்கள் படகில் வந்து அவரை மீட்டனர். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். அவரை முன்பின் அறிந்தவர்களும் அல்லர்.

அந்தப் பெண்ணின் பெயரை நூல் சொல்லவில்லை. புயலில் துணிந்து முடிவெடுத்த அவருடைய கதையை வாசிக்கும்போது, சாகசம் என்ற சொல்லை நாம் யாருக்குரியதாக எண்ணியிருக்கிறோம் என்று கேட்கத் தோன்றுகிறது.

சில காலத்தின் பின், இந்தியாவின் மேற்குக் கரையில் பன்னிரண்டு கடற்கொள்ளைக் கப்பல்கள் அவரது கப்பலைச் சூழ்ந்தன. இலங்கை மன்னர் தந்த முத்துக்களும் மாணிக்கங்களும் பெரியார்கள் தந்த உடைகளும் பறிபோயின. காற்சட்டை மட்டுமே மிஞ்சியது. அந்நிலையில் கள்ளிக்கோட்டைக்கு வந்து ஒரு பள்ளிவாசலில் புகுந்தார். மார்க்க அறிஞர் ஒருவர் ஓர் ஆடையை அனுப்பினார். காதி ஒரு தலைப்பாகையை அனுப்பினார். வணிகர் ஒருவர் மற்றோர் ஆடையை அனுப்பினார். கொன்ஸ்தந்தீனில் 21 வயதில் நடந்தது 20 ஆண்டுகளின் பின் மீண்டும் நடந்தது.

மணற்கடலில் ஒரு பாடம்

1352இல் மொரோக்கோவின் ஸிஜில்மாஸாவிலிருந்து ஒரு வணிகக் கூட்டத்துடன் சஹாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குப் புறப்பட்டார். 25 நாட்களில் தகாஸா என்ற ஊரை அடைந்தனர். அங்கு வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரையிடப்பட்டிருந்தன.

அதற்கப்பால் உயிர் முழுவதும் ஒரே ஒருவரை நம்பியிருந்தது. அவரைத் ‘தக்ஷீப்’ என்பர். வணிகக் கூட்டம் காத்திருக்க, இவர் தனியே முன்னால் சென்று வலாத்தா என்ற ஊரை அடைந்து கடிதங்களைக் கொடுக்க வேண்டும். ஊரார் தண்ணீருடன் நான்கு நாள் தூரம் எதிர்கொண்டு வருவர். தக்ஷீப் வழியில் மாண்டுவிட்டால் செய்தி சேராது, தண்ணீரும் வராது, கூட்டத்தினரில் பலர் அல்லது அனைவரும் இறந்துவிடுவர். இப்னு பதூதாவின் கூட்டம் 100 மித்கால் பொன் கொடுத்து அமர்த்திய தக்ஷீபுக்கு ஒரு கண் பார்வையில்லை. மற்றக் கண்ணும் நோயுற்றிருந்தது. எனினும், அப்பாதையை அவரைவிட நன்கறிந்தவர் இல்லை. ஏழாம் நாள் இரவு, தம்மை எதிர்கொள்ள வந்தவர்கள் மூட்டிய நெருப்பு வெளிச்சத்தைக் கண்டு கூட்டத்தினர் மகிழ்ந்தனர்.

அதே பாதையில் மற்றொரு நிகழ்ச்சியும் நடந்தது. இப்னு ஸீரீ என்ற வணிகர் தம் உறவினர் ஒருவருடன் சண்டையிட்டுக் கூட்டத்தைவிட்டுப் பின்தங்கினார். அவர் வழிதவறினார். வழிகாட்டி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தித் தேடும்படி உறவினரிடம் கூறியபோது, அவர் மறுத்தார். மறுநாள் கூலி பெறாமலேயே ஒருவர் தேடிப் போனார், சுவடுகளைக் கண்டார், ஆளைக் காணவில்லை. பின்னர் எதிரே வந்த வேறொரு கூட்டத்திலிருந்து பிரிந்த ஒருவர், ஆடை அணிந்தபடி, கையில் சாட்டையுடன், ஒரு சிறு செடியின் கீழ் இறந்து கிடந்ததைக் கண்டனர். தண்ணீர் இருந்த இடமோ அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மைல் தூரத்திலேயே இருந்தது.

அதுவரை இப்னு பதூதா உற்சாகத்தில் கூட்டத்துக்கு முன்னால் செல்வதுண்டு. இப்னு ஸீரீ தொலைந்த பின்னர், தாம் முன்னால் செல்லவுமில்லை, பின்தங்கவுமில்லை என்று எழுதுகிறார். கால் நூற்றாண்டுக்கு மேல் உலகைச் சுற்றிய அனுபவசாலி, 48 வயதில் கற்ற பாடம் இது.

கொடுத்த விலை

இப்பயணங்களைப் புகழும்போது அவற்றின் விலையையும் சொல்லத்தான் வேண்டும். 1348இல் இப்னு பதூதா மீண்டும் டமஸ்கஸை அடைந்தார். இருபதாண்டுகளுக்கு மேல் கடந்திருந்தன. முன்பு அந்நகரில் மணந்து விட்டுச் சென்ற மனைவிக்கு ஒரு மகன் பிறந்திருந்தான் என்பதை அவர் அறிவார். அம்மகன் இறந்து பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன என்ற செய்தி அங்கு அவருக்குக் கிடைத்தது. தஞ்சாவைச் சேர்ந்த ஓர் அறிஞரைச் சந்தித்தபோது வாப்பா மௌத்தாகிப் பதினைந்து ஆண்டுகள் என்றும், உம்மா உயிருடன் இருக்கிறார் என்றும் அறிந்தார்.

அது உலகையே உலுக்கிய பெருங்கொள்ளைநோயின் காலம். டமஸ்கஸ் மக்கள் மூன்று நாட்கள் நோன்பிருந்து, பெண்களும் பிள்ளைகளுமாக வெறுங்காலுடன் ஊருக்கு வெளியேயுள்ள பள்ளிவாசலை நோக்கி நடந்தனர். முஸ்லிம்கள் குர்ஆனையும், யூதர்கள் தௌராத்தையும், கிறிஸ்தவர்கள் இன்ஜீலையும் ஏந்தி அழுதவாறு சென்ற அக்காட்சியை அவர் நேரில் கண்டு எழுதியுள்ளார். மறு ஆண்டு தாய்நாட்டுக்குள் நுழைந்து, தாஸா என்ற ஊரை அடைந்தபோது, உம்மாவும் அந்நோயால் மௌத்தாகிவிட்ட செய்தி கிடைத்தது. 24 ஆண்டுகளின் பின் தஞ்சாவுக்கு வந்த மகனால் உம்மாவின் கப்றையே ஸியாரத் செய்ய முடிந்தது.

நூலை எவ்வாறு படிப்பது?

மாலியிலிருந்து திரும்பிய பின், மரீனிய சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி இப்னு பதூதா தம் நினைவுகளைச் சொல்ல, இப்னு ஜுஸை என்ற எழுத்தாளர் அவற்றைத் தொகுத்தார். 1355 டிசம்பரில் நூல் நிறைவெய்தியது. நினைவிலிருந்து சொன்னமையால் சில திகதிகளும் பாதைகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. மக்கா, டமஸ்கஸ் பற்றிய வர்ணனைகளில் சில பகுதிகள், அவருக்கு முன் வாழ்ந்த பயணி இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. சீனாவில் அவர் கண்டதாகக் கூறுவனவற்றை ஐயுறும் ஆய்வாளரும் உளர். அவர் காலத்திலேயே பலர் அவரை நம்பவில்லை என்பதை வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் குறிப்பிடுகிறார். கேட்டறியாத ஒன்று என்பதற்காக மட்டும் எதையும் பொய்யென்று தள்ளிவிடலாகாது என்று ஓர் அமைச்சர் தமக்கு உணர்த்தியதையும் அவர் சேர்த்தே எழுதுகிறார்.

வேறொரு கண்ணும் நமக்குத் தேவை. இப்னு பதூதா அடிமைகளை வைத்திருந்தார்; விலைக்கு வாங்கினார். போகுமிடங்களில் மணமுடித்து, புறப்படும்போது விட்டுச் சென்றார். அந்த மனைவியரின் காத்திருப்பையும், நீந்திய பெண்ணின் பிற்கால வாழ்வையும் எவரும் எழுதி வைக்கவில்லை. ஒரு நூலை மதிப்பதென்பது அது சொல்லாமல் விட்டவர்களையும் தேடுவதாகும்.

முடிவாக

ஆபத்தான பாதைகளில் இப்னு பதூதாவிடம் துணிவு இருந்தது, தவக்குல் இருந்தது, கல்வி இருந்தது. ஆயினும், இரவல் கூடாரம், இரண்டு பொற்காசுகள், ஒரு ஸலாம், ஒரு பிடி கடலை, யோகிகளின் வழிகாட்டல், கரையோர மக்களின் படகு, பார்வை மங்கிய ஒருவரின் வழியறிவு ஆகியவை இல்லாதிருந்தால், அத்துணிவு முதல் ஆண்டிலேயே முடிந்திருக்கும்.

நம் கல்லூரியிலிருந்தும் மாணவிகள் புறப்படுகின்றனர். தூர மாவட்டத்துப் பல்கலைக்கழகத்துக்கும், கல்வியியற் கல்லூரிக்கும், தாதியர் பயிற்சிக்கும் பெட்டியுடன் செல்கின்றனர். வழியனுப்பும் பெற்றோரின் அச்சம் நியாயமானது. தஞ்சாவில் இருந்த அந்த உம்மாவும் வாப்பாவும் பட்ட வேதனை அது. புறப்படும் மகளுக்கு இக்கட்டுரை சொல்வது இரண்டே: உதவி பெறுவது பலவீனமல்ல, வீட்டுக்குச் செய்தி அனுப்புவதை ஒருபோதும் மறவாதே.

வீட்டிலும் ஊரிலும் இருக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. விடுதி வாசலில், வகுப்பறை மூலையில், பஸ் தரிப்பிடத்தில், எவராலும் ஸலாம் சொல்லப்படாமல், எவராலும் நலம் விசாரிக்கப்படாமல் ஒருத்தி நிற்கக்கூடும். அவள் எந்த ஊராக, எந்த இனமாக இருந்தாலும், அவளிடம் முதலில் போய்ப் பேசுகிறவர் நாமாக இருக்க வேண்டும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. இப்னு பதூதாவுக்கு உதவியோரில் முஸ்லிம்கள், முஸ்லிமல்லாதோர் என இரு சாராரும் இருந்தனர். அவர்களின் உதவிகளைப் பட்டியலிட்டு ஒப்பிடுக.

2. தக்ஷீபின் பணிக்கும் இப்னு ஸீரீயின் முடிவுக்கும் இடையிலுள்ள தொடர்பை விளக்குக.

3. நீந்திய பெண் தன் கதையைத் தானே எழுதியிருந்தால் அது எவ்வாறு தொடங்கியிருக்கும்? ஒரு பக்கத்தில் எழுதுக.

4. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், அறிமுகமற்ற ஒருவரால் பயணத்தில் காப்பாற்றப்பட்ட அனுபவம் உண்டா என்று கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே பதிவு செய்க.